ஏழாவது, ஒன்பதாவது, பதினொன்றாவது படிகள்

என் தம்பி நாற்பத்தொரு வீடுகளுக்கு மாடிப்படி செய்தான். அவற்றில் யாரும் வழுக்கி விழுந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நாற்பத்தொன்று என்பது குத்துமதிப்பு இல்லை. ஒவ்வொரு வேலை முடிந்ததும் வந்து சொல்வான், நான் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறித்து வைப்பேன். நாற்பத்திரண்டாவது அவனுடைய சொந்த வீட்டுப் படி. அந்தப் படியில் அவன் அளவு தவறிவிட்டான் என்று தொழில்காரர்களிடையே ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சு பொய். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் எட்டாவது வரை படித்தேன். அவன் ஒன்பதாவது. அந்த ஒரு வகுப்பை வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்க என்னிடம் பெருமையடித்தான். தச்சுப் பட்டறையில் சேர்ந்த நாளிலிருந்து சட்டைப் பையில், சாய்வு இருக்கிறதா என்று காட்டும் சின்ன ரசமட்டம் ஒன்று இருக்கும். எங்கே போனாலும் மேசையிலும் ஜன்னல் கட்டையிலும் அதை வைத்துப் பார்ப்பான். பட்டறையில் அவன் பெயரே ரசமட்டம் ஆகிவிட்டது. பெண் பார்க்கப் போன வீட்டிலும் பலகாரத் தட்டு வைத்த முக்காலியின் மேல் வைத்துப் பார்த்திருக்கிறான். "நல்லவேளை, என் தலை மேல வெச்சுப் பாக்கல" என்று அவன் மனைவி இன்றைக்கும் சொல்வாள்.

பழைய தேக்குப் பலகை, நடுவில் வெடித்து ஆறு போலப் பிளந்து கிடப்பதைத்தான் தேடி வாங்குவான். மற்றவர்கள் விறகுக்குத் தள்ளுவது அது. அந்த வெடிப்பில் ரெசின் ஊற்றுவான். ரெசின் என்பது இரண்டு டப்பா. ஒன்றில் தேன் போன்ற பிசின், இன்னொன்றில் அதை இறுக வைக்கும் ஹார்டனர். இரண்டையும் கலந்து ஊற்றினால் ஒரு நாளில் கண்ணாடிபோல் இறுகிவிடும். முதலில் மெல்லிசாக ஒரு பூச்சு, இல்லையென்றால் மரம் மூச்சுவிட்டுக் குமிழி கிளம்பும். பிறகு ஓரமெல்லாம் டேப் ஒட்டி, ஊற்றி, சூட்டுக்காற்று காட்டி, தூசி விழாமல் பிளாஸ்டிக் விரித்து மூடுவான். இறுகியதும் மூன்று ரகம் உப்புத்தாள் போடுவான். கடைசியில், கால் முதலில் படுகிற விளிம்பில் மட்டும் பொடி மணல் தூவி இன்னொரு பூச்சு. கண்ணுக்குத் தெரியாது, பாதத்துக்குத் தெரியும். அழகு பார்ப்பவர்கள் அந்த மணலை வேண்டாம் என்பார்கள். அப்படியென்றால் வேலையே வேண்டாம் என்று எழுந்துவிடுவான்.

அவன் செய்த தப்பு ஒன்றுதான். கையுறை போட மாட்டான். போட்டால் விரலுக்குக் குமிழி தெரியாதாம். வெறுங்கையால் வழித்து, தின்னரில் கழுவிக்கொள்வான். பதினெட்டு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. பத்தொன்பதாவது வருஷம் விரலிடுக்கில் அரிப்பு வந்தது. மரத்தூள் ஒத்துக்கொள்ளவில்லை என்று எங்களிடம் மழுப்பினான்.

அந்தச் சமயத்தில்தான் சொந்த வீட்டுப் படியைத் தொடங்கினான். மொத்தம் பன்னிரண்டு படி. முதலில் இரட்டைப்படைப் படிகளுக்கு ஊற்றினான், வீட்டில் இருப்பவர்கள் ஒற்றைப்படையில் கால் வைத்து ஏற வசதியாக. அவன் மனைவி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொக்கு மாதிரி நடந்தாள். அவை இறுகியதும் ஒன்று, மூன்று, ஐந்துக்கு ஊற்றினான். அன்று சாயங்காலம் அவன் முகம் வீங்கி இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன. மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர், அந்தப் பொருள் அவன் உடம்புக்கு இனி விஷம் என்றார். தொடக்கூடாது, ஊற்றும் அறையில் நிற்கவும் கூடாது. இறுகிவிட்டால் பயமில்லை, ஈரமாக இருக்கும்போதுதான் ஆபத்து.

வேறு தொழில் அவனுக்குத் தெரியாது. ஈரப் படி இருக்கும் வீட்டில் தங்கக்கூடாதென்று என் வீட்டுக்கு வந்தவன், ஒரு வாரம் திண்டில் சாய்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, அவனுக்கு நிறைய வேலை கொடுத்திருந்த கட்டடக் கான்ட்ராக்டர் என் வீட்டுக்கே வந்தார்.

"நீ தொடவே வேணாம்ப்பா. தள்ளி நின்னு வாயால சொல்லு, என் ஆளுங்க ஊத்துவாங்க. ஆனா ஒண்ணு. நீ சொல்லச் சொல்ல, தொழில் தெரியாத கை செஞ்ச படி ஒண்ணு எனக்குக் காட்டு. அது சரியா வந்துட்டா நீதான் எனக்கு சூப்பர்வைசர்."

ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னார். தம்பி வீட்டில் ஏழு, ஒன்பது, பதினொன்று என மூன்று படிகள் பாக்கி இருந்தன. தொழில் தெரியாத கை என்றால் என் கையும் அவன் மனைவி கையும்தான்.

புதன்கிழமை ஊற்றினோம். அவன் தெருவுக்கு எதிர்ப்பக்கம் சைக்கிள் கடை பெஞ்சில் உட்கார்ந்து போனில் ஒவ்வொன்றாகச் சொன்னான். டேப்பை நகத்தால் அழுத்தச் சொன்னான். கலக்கும்போது ஓரத்தையும் அடியையும் வழிக்கச் சொன்னான். "ரெண்டும் சம அளவுதான்க்கா, கப்புல கோடு இருக்கும் பாரு" என்றான்.

கப்பில் கோடு பாதி அழிந்திருந்தது. நான் சோப்புத்தூள் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் எடைப் பிரிவில் இருந்தவள். ஒரு கிராம் பிசகியது கிடையாது. கண் ஏமாற்றும், தராசு ஏமாற்றாது என்று நினைத்தேன். சமையலறைத் தராசை எடுத்துவந்து, இதில் ஐந்நூறு கிராம், அதில் ஐந்நூறு கிராம் என்று சொட்டுச் சொட்டாக வைத்தேன். தராசில் வைத்ததை அவனிடம் சொல்லவில்லை. கப்பைவிட அது உசத்தி என்றுதான் எனக்குத் தோன்றியது.

வியாழக்கிழமை காலையில் விரல் வைத்துப் பார்த்தேன். ரேகை பதிந்தது. நான் என் வீட்டுக்குத் திரும்பியதும், காய்ந்ததா என்று தம்பி கேட்டான். மற்றப் படிகளெல்லாம் ஒரே நாளில் இறுகியிருந்தன. நான் செய்தது மட்டும் இறுகவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "காஞ்சிடுச்சுடா, கல்லு மாதிரி இருக்கு" என்றேன். அவன் முகத்தில் பத்து நாளாகக் காணாத சிரிப்பு வந்தது. வெள்ளி, சனி இரண்டு நாளும் போய்ப் பார்த்தேன். ஃபேன் வைத்தேன். தம்பி மனைவி, "அண்ணி, அவர்கிட்ட சொல்லிடலாமே" என்றாள். நாளைக்குள் காய்ந்துவிடும், அவனைக் கலவரப்படுத்தாதே என்று அடக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை கான்ட்ராக்டர் வந்தார். தம்பியும் முகமூடி போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றான். அவர் ஷூவைக் கழற்றிவிட்டு சாக்ஸோடு ஏறினார். ஆறாவது படி வரை தலையாட்டிக்கொண்டே போனார். ஏழாவதில் கால் ஒட்டிக்கொண்டது. இழுத்தார், சாக்ஸ் மட்டும் படியோடு நின்றுவிட்டது.

"என்னப்பா இது, மாடிப்படியா எலி பிடிக்கிற பசையா?"

தம்பி படியைப் பார்த்தான். பிறகு சமையலறைப் பக்கம் பார்த்தான். மேடையில் தராசு இருந்தது, தட்டின் ஓரத்தில் ரெசின் வழிந்து பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. கடைசியாக என்னைப் பார்த்தான். ஒரு நொடிதான்.

"அளவை நான்தான் மாத்திச் சொல்லிட்டேன் சார்" என்றான்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். இல்லை, அவன் சரியாகத்தான் சொன்னான், நான்தான் கேட்கவில்லை என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அதற்குப் பதில், வாசலில் கிடந்த அவர் ஷூவை நேராகத் திருப்பி வைத்தேன். கான்ட்ராக்டர் அவன் தோளைத் தட்டிவிட்டு, "உடம்பைப் பாத்துக்கோ" என்று சொல்லிப் போய்விட்டார்.

என் வீட்டுக்குத் திரும்பி நடந்து வரும்போது அவன் கோபமே இல்லாமல் விளக்கினான். "பிசின் கனம், ஹார்டனர் லேசு. எடையில சமமா வெச்சா ஹார்டனர் கூடப் போயிடும்க்கா. அப்புறம் எத்தனை நாளானாலும் இறுகாது." கொஞ்ச தூரம் போனதும், "காயலன்னு வியாழக்கிழமையே சொல்லியிருந்தா சுரண்டிட்டு மறுபடி ஊத்தியிருக்கலாம். நாள் இருந்துச்சே" என்றான். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பார்சல் ஆபீசில் சீட்டு எழுதும் வேலைக்குப் போனான். பழைய ஆட்கள் பார்த்தால், "என்ன ரசமட்டம், சொந்த வீட்டிலேயே அளவு தப்பிட்டியாமே" என்பார்கள். ஆமாம் என்று சிரிப்பான். ஏழு வருஷம் அப்படிச் சிரித்தான். போன வருஷம் நெஞ்சில் சளி கட்டி, நான்கு நாள் படுத்துப் போய்ச் சேர்ந்தான்.

காரியங்கள் முடிந்த பிறகு கான்ட்ராக்டரின் நம்பரைத் தேடிப் பிடித்துப் போன் செய்தேன். நான் இன்னாருடைய அக்கா என்றேன். தம்பி போனதைச் சொன்னேன். நல்ல வேலைக்காரன் என்று வருத்தப்பட்டார். அந்தப் படியில் அளவு தவறியது அவன் இல்லை, நான்தான் என்றேன்.

"எந்தப் படிம்மா?" என்றார்.

சாக்ஸ் ஒட்டிக்கொண்டதைச் சொன்னேன். யோசித்தார். எத்தனையோ வீடு பார்த்தாயிற்று, ஞாபகம் வரவில்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை, வாசலில் முகமூடியோடு நின்றான் என்று மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அந்தப் பக்கம் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "சரிம்மா, விடுங்க, ஆனது ஆச்சு" என்று போனை வைத்துவிட்டார். நான் சொல்லவேண்டியதில் பாதிதான் சொல்லியிருந்தேன். வியாழக்கிழமை சொன்ன பொய்க்கு இன்னும் வந்திருக்கவில்லை.