பின்பக்கத்துச் சத்தம்

முத்தியால்பேட்டையில் நான்கு வேகத்தடைகள். நான்கிலும் மகனுடைய காரின் பின்பக்கம் 'டொக்' என்றது.

"ஷாக் அப்சார்பர் போயிடுச்சுப்பா, மாத்தணும்" என்றான் மகன்.

ஒரு காலத்தில் என் அப்பாவின் வாடகைக் காரும் இப்படித்தான் தட்டியது. பெட்ரோலும் வெயிலில் சுட்ட ரெக்சினும் மணக்கும் வண்டி அது. மெக்கானிக் இரண்டு தடவை பாகங்களை மாற்றியும் சத்தம் நிற்கவில்லை. சவாரிக்கு வருகிறவர்கள் ஏறப் பயந்தார்கள். வண்டியை விற்கப் போவதாக அப்பா சொன்ன அன்று, அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு டிக்கிக்குள் ஏறிப் படுத்தாள்.

"மூடிட்டு மெதுவா ஓட்டுங்க. எங்க தட்டுதுன்னு நான் கேக்குறேன்."

தெருமுனை வரை போய் வந்து அப்பா டிக்கியைத் திறந்தார். வியர்வையில் நனைந்திருந்த அம்மாவின் கையில் ஒரு காய்ந்த தேங்காய் இருந்தது. வண்டிக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று ஆயுத பூஜையன்று ஸ்டெப்னிக்குப் பின்னால் அவளே வைத்தது.

"வண்டிக்குக் காவல் வச்சியா, என் பொழப்புக்கு வேட்டு வச்சியா?" என்று கேட்ட அப்பாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு தேங்காயைச் சாக்கில் சுற்றி, அதே இடத்தில் வைத்தார்.

"ஓரமா நிறுத்துப்பா" என்றேன் மகனிடம். போன ஆயுத பூஜைக்கு நானும் ஒன்று வைத்திருந்தேன். சாக்கு சுற்றவில்லை.