வண்டிச் செயினில் தேங்காய் எண்ணெய்

பழைய பல் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் முக்கி முக்கி வண்டிச் செயினைத் தேய்க்கிறபோது வருகிற ‘சரக் சரக்’ சத்தமும், எவ்வளவு சோப்புப் போட்டாலும் விரலிடுக்கை விட்டுப் போகாத அந்த வாடையும், கட்டபெட்டுப் பக்கத்து மலைக்குளிரும் ஒன்றாகக் கலந்துதான் என் சிறுவயதின் ஞாயிற்றுக்கிழமைகள் விடிந்தன. மற்ற வீடுகளில் ஞாயிறு என்றால் கறிக்குழம்பு வாசம். எங்கள் வீட்டில் மட்டும் வாசல் முழுக்கச் சாக்கு விரித்து, அதன்மேல் எங்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, அப்பா அதன் பக்கத்தில் குந்தியிருப்பார்.

அப்பாவுக்கு அப்போது வேறு வேலை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைப்பானேன்? கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்து தேயிலை ஃபேக்டரியில் கிளார்க்காக இருந்தவர். ஃபேக்டரியை மூடியபிறகு எங்கெங்கோ கேட்டுப் பார்த்தும் ஒன்றும் அமையவில்லை. அம்மா பக்கத்து எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்ஸ். எஸ்டேட்டே அவளைச் ‘சிஸ்டரம்மா’ என்று கூப்பிடும். நாங்கள் இருந்த ‘குவார்ட்டர்ஸ்’ அவள் வேலைக்குக் கொடுத்தது, அந்த வேலையும் நிரந்தரமில்லை. டிஸ்பென்சரி மலை உச்சியில், வீடு பள்ளத்தில். காலையில் அம்மாவை வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு அப்படியே என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்குவது, சாயங்காலம் கூட்டிவருவது, இது ஒன்றுதான் அப்பாவுக்கு மிஞ்சியிருந்த உத்தியோகம். இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டுதான் அதைச் செய்வார்.

அதனால்தானோ என்னவோ, அந்தச் செயினுக்கு நடந்த ராஜ உபசாரம் வேறெந்தச் செயினுக்கும் நடந்திருக்காது. முதலில் எஞ்சினிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலை விட்டுப் பார்த்தார். அது எங்கும் தெறித்தது. கிரீஸ் அப்பினார், எஸ்டேட் ரோட்டு மண்ணையெல்லாம் அது வாரி ஒட்டிக்கொண்டது. ஒர்க்ஷாப்காரர் சொன்னாரென்று கியர் ஆயிலுக்கு மாறினார். அதுதான் சரியான எண்ணெய் என்பது இன்று எனக்குத் தெரியும். ஆனால், “கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, துணியில தொடைச்சு எடுத்துருங்க, போதும்” என்று அவர் சொன்னதுதான் அப்பாவுக்கு ஒத்துவரவில்லை. ஒரு சொட்டோடு வேலை முடிந்துவிட்டால் மிச்ச ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் என்ன செய்வார்? தாராளமாக ஊற்றினார்.

செயின் கவர் எப்போதோ உடைந்து போயிருந்தது. ஒருபக்கமாக உட்கார்ந்து போகிற அம்மாவின் வெள்ளைச் சேலை சரியாகச் செயின் ஓடுகிற பக்கம்தான் தொங்கும். டிஸ்பென்சரியில் இறங்கும்போது கொசுவத்துக்குக் கீழே வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள். அம்மா ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, சாயங்காலம் உட்கார்ந்து கசக்கிக்கொண்டிருப்பாள். ஒருநாள் மருந்துக்கு நின்றிருந்த பெண்களில் ஒருத்தி, “சிஸ்டரம்மா சேலையில யாரு கோலத்துக்குப் புள்ளி வச்சது?” என்று கேட்க, வரிசையே சிரித்தது. அப்பா இன்னும் வண்டியைத் திருப்பியிருக்கவில்லை. அவர் காது சிவந்துபோனதைப் பின்னால் உட்கார்ந்திருந்த நான் பார்த்தேன். எனக்கு எங்கேயாவது புதருக்குள் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

அந்த வாரம்தான் அவர் சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

மலையில் குளிர்காலத்தில் தேங்காய் எண்ணெய் கல்லாகக் கிடக்கும். தலைக்கு வைக்கவே அடுப்போரம் வைத்து உருக்கவேண்டும். அப்பா உருக்கினார், செயினில் ஊற்றினார், அது கண்ணெதிரே வெள்ளை வெளேரென்று உறைந்து நின்றது. “பாத்தியா சாமி, எப்படி நிக்குது! இனி ஒரு சொட்டுத் தெறிச்சா என்னன்னு கேளு” என்றார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. சொன்னபடியே சேலையில் புள்ளி விழவில்லை. கொஞ்சம் தெறித்தாலும் சோப்பில் போய்விட்டது. அம்மாகூட, “ஏனுங்க, இது முன்னாலயே தோணாமப் போச்சே” என்றாள்.

ஆனால் என் மானம் அன்றோடு போயிற்று. வண்டி சூடேறியதும் கிளம்பும் வாசனை எங்களுக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். “உங்க வண்டிக்குச் சடை பின்னிப் பூ வைக்கலையாடி?” என்று கேட்டுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் பள்ளிக்கூடத்துக்கு முந்தின வளைவிலேயே இறங்கி நடக்க ஆரம்பித்தேன். காரணம் கேட்கவில்லை அப்பா, கேட்டிருந்தால் செத்தே போயிருப்பேன்.

வெளியே அப்படி வெண்ணெய் பூசியதுபோல் இருந்த செயின் உள்ளே காய்ந்துகொண்டிருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. உறைகிற எண்ணெய் கண்ணிக்குள் எப்படி இறங்கும்? மேலே மெழுகாக நின்று பார்ப்பதற்கு நிறைவாக இருந்ததே தவிர, உள்ளே கண்ணிகளைக் கோக்கிற பின்னெல்லாம் துருப்பிடித்துத் தேய்ந்துவிட்டிருந்தது.

தை மாதம், தேயிலைச் செடியெல்லாம் பனியில் கருகிக் கிடந்த ஒரு காலை, கம்பெனியிலிருந்து பெரிய டாக்டர் டிஸ்பென்சரியைப் பார்க்க வருகிறார், அம்மா வேலை நிரந்தரமாகுமா என்பது அன்றைக்குத்தான் முடிவு. வேலை போனால் வீடும் போகும். அம்மா புதுச் சேலை கட்டியிருந்தாள். பாதி ஏற்றத்தில் ‘டக்’கென்று ஒரு சத்தம், வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது, அப்பா இரண்டு காலையும் ஊன்றி நிறுத்திவிட்டார். யாருக்கும் அடியில்லை. செயின் செத்த பாம்பு மாதிரி ரோட்டில் கிடந்தது.

பின்னாலேயே தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லாரி வந்து நின்றது. ஓட்டிவந்தவர் செல்வராசு அண்ணன், குடும்பத்தோடு சிலோன் தோட்டத்திலிருந்து வந்தவர், தங்கமான மனுஷன். ஃபேக்டரி மூடி அத்தனை நாளான பிறகும் அப்பாவைக் ‘கிளாக்கர் ஐயா’ என்று கூப்பிட்டது அவர் ஒருத்தர்தான். இறங்கி வந்து செயினைக் கையிலெடுத்தார், விரலில் ஒட்டிய வெள்ளையை முகர்ந்து பார்த்தார். “என்னங்க கிளாக்கர் ஐயா, செயினை எண்ணெயில போட்டுப் பொரிச்சீங்களா?” என்று கேட்டுப் பெரிதாகச் சிரித்தார். அதில் துளி விஷமம் கிடையாது, சத்தியமாக.

அம்மாவும் சிரித்துவிட்டாள்.

வாய்விட்டு, அண்ணனைவிடச் சத்தமாக. நேரமாகிறதே என்ற பதற்றமோ, லாரியில் ஏற்றிக்கொள்ளப் போகிறவருக்கு ஒரு மரியாதையோ, எதுவோ. அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து, “நீ ஏறிப் போ புள்ள, நேரமாச்சு. நான் பாத்துக்கறேன்” என்றார். நாங்கள் ஏறினோம். கண்ணாடியில் அவர் வண்டியைத் திருப்பி இறக்கத்தில் தள்ளிக்கொண்டு போவது தெரிந்தது. அம்மா அதைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வேலை நிரந்தரமாயிற்று. சாயங்காலம் அந்தச் செய்தியோடு வந்தபோது அப்பா உண்மையாகவே மகிழ்ந்தார். பேக்கரிக்குப் போய் வர்க்கி வாங்கிவந்து கொடுத்தார். மறுநாளே புதுச் செயினும் மாட்டிவிட்டார், கியர் ஆயில் போட்டு, அளவாகத் துடைத்து. ஆனால் காலையில் அம்மா கிளம்பி நின்றபோது, “லாரிதான் தினமும் வருதே, அதுலயே போயிக்க” என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார். அதற்கப்புறம் அவர் அம்மாவை வண்டியில் ஏற்றியதே இல்லை. என்னை மட்டும் பள்ளிக்கூடத்தில் விட்டார். எண்ணெய் வாசனை போய்விட்டதால் வாசல்வரைக்கும் வண்டியிலேயே போனேன்.

இப்போது அந்த எஸ்டேட்டில் டிஸ்பென்சரி இல்லை. கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் கண்ணாடி ஜன்னல் வைத்த காட்டேஜ்கள். அப்பா போய்ச் சேர்ந்து சில வருஷமாகிறது. செயினுக்கென்றே டப்பாவில் ஸ்பிரே வந்துவிட்டது, சின்னக் குழாயைச் சொருகி அழுத்தினால் கண்ணிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது, தெறிப்பதும் இல்லை. போன மாதம் என் வண்டிக்கு அதை அடித்துக்கொண்டிருந்தேன். என்னோடு இருக்கும் அம்மா நாற்காலியைப் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதுக்கப்புறம் அப்பா ஏம்மா உன்னைக் கூட்டிட்டே போகலை?” என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கிறேன்.

அம்மா ஸ்பிரே டப்பாவை வாங்கி உருட்டிப் பார்த்தாள். பிறகு, “ஒருக்கா நான் வாய்விட்டுக் கேட்டிருந்தா வந்திருப்பாரு கண்ணு. சட்டையெல்லாம் போட்டுட்டுத்தான் நின்னாரு, ரொம்ப நாளைக்கு” என்றாள். “அப்படிச் சிரிச்சுப்போட்டு, எந்த மூஞ்சிய வெச்சுட்டுக் கேக்கறது?”