மார்பளவுத் தண்ணீரில் ராஜாமணி

மீன்குஞ்சுப் பண்ணையில் ராஜாமணி தற்காலிகமாகச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. அத்தனை உறுதியான தற்காலிகம் அங்கே வேறு யாருக்கும் வாய்க்கவில்லை.

1991 டிசம்பரில் பண்ணைக் காவலாளி இடம் காலியானது. நிரந்தர வேலை, நாற்காலி உண்டு, டார்ச் லைட் உண்டு. முப்பத்தைந்து வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. ராஜாமணி தை மாதம் தாண்டிவிடுவார். ஆய்வாளர் சுப்பராயன் சிபாரிசு எழுதினால் போதும்.

"வியாழக்கிழமை வடக்குப்பட்டு ஏரியில குஞ்சு விடற விழா. அது நல்லபடியா முடியட்டும், எழுதிடறேன்" என்றார் சுப்பராயன்.

வியாழன் விடிவதற்குள் நாற்பது பாலிதீன் பைகளில் கொஞ்சம் தண்ணீரும் மீன்குஞ்சும் விட்டு, மேலே ஆக்சிஜன் அடைத்துக் கட்டியாயிற்று. ஏரிக்கு வந்ததும் பைகளைக் கால் மணி நேரம் தண்ணீரில் மிதக்கவிட்டு, ஏரித் தண்ணீரின் சூடு பழகியபின் அவிழ்ப்பது வழக்கம். பத்து மணிக்குப் பிரமுகர் வந்து அவிழ்ப்பதாக ஏற்பாடு. பைகள் காற்றில் போய்விடாமல் கயிற்றால் வளைத்துப் பிடித்தபடி ராஜாமணி மார்பளவுத் தண்ணீரில் நின்றார். முழங்கால்வரை சேறு.

பத்து, பதினொன்று, பன்னிரண்டு.

"தண்டலத்துல ஒரு கல்யாணமாம். பந்தியில குந்திட்டாராம்" என்று கரையிலிருந்து கத்தினார் லாரி டிரைவர் ஏசுதாஸ். "இன்னாபா, நீயும் குஞ்சு மாதிரி வாயப் பொளக்கிறே? ஒனக்கும் கொஞ்சம் கேஸ் அடிக்கட்டா?"

"சார், பையில காத்து தீந்துகினு கீது. அவுத்துடட்டா?" என்று ராஜாமணி கரையைப் பார்த்துக் கேட்டார்.

குடை நிழலில் இருந்த சுப்பராயன் பதறினார். "ஒரு பை குறைஞ்சாலும் எனக்கு மெமோ. உன் சிபாரிசை மறந்துடு. நவுராதே!"

பைகளுக்குள் குஞ்சுகள் மேலே வந்து தவித்தன. அவிழ்த்தால் வேலை போகும். அவிழ்க்காவிட்டால் குஞ்சு சாகும், செத்த குஞ்சைப் பார்த்தால் பிரமுகர் குதிப்பார், அப்போதும் வேலை போகும். நகர நினைத்தாலும் சேறு விடவில்லை.

ராஜாமணி இடுப்பிலிருந்த பிளேடை எடுத்துத் தண்ணீருக்கடியில் ஒரு பையின் அடியைக் கிழித்தார். குஞ்சுகள் ஓடின. மேலே அடைத்த காற்று அப்படியே நின்றது. கரையிலிருந்து பார்த்தால் முழுப்பை. முப்பத்தெட்டுப் பைகளை இப்படியே முடித்தார். இரண்டை மட்டும் பிரமுகருக்கென்று வைத்து, ஈரத்துண்டைப் போட்டு மூடினார்.

மூன்று மணிக்கு வெற்றிலை வாயோடு பிரமுகர் பரிசலில் ஏறி வந்தார். முதல் பையை அவிழ்த்தார்; குஞ்சுகள் சோர்ந்திருந்தாலும் நீந்தின. இரண்டாவதையும் அவிழ்த்தார். கைதட்டல் அவருக்குப் பிடித்துவிட்டது.

"இன்னொண்ணு குடுப்பா!"

ராஜாமணி கிழிந்த பை ஒன்றை அவர் பக்கம் தள்ளினார். "அய்யா, தூக்காதீங்க. தண்ணியிலயே வச்சு முடிச்சை அவுத்துவுடுங்க."

பிரமுகர் அவிழ்த்தார். புஸ்ஸென்று காற்று போனது. அதே நொடி ராஜாமணி இடது கையால் தண்ணீரைப் படபடவென்று அடித்தார். "ஓடுது பாருங்க, அதோ, அதோ!"

"யப்பா, இன்னா வேகம்!" என்று வியந்த பிரமுகர், அதே வேகத்தை இன்னும் ஐந்து பைகளில் பார்த்துவிட்டுத்தான் கரையேறினார்.

ராஜாமணியைச் சேற்றிலிருந்து பிடுங்க மூன்று பேர் வேண்டியிருந்தது. சுப்பராயன் கிழிந்த பைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சுருட்டி லாரியில் போட்டார்.

மறுநாள் அலுவலகத்தில் ராஜாமணியை உட்காரவே சொன்னார். "குஞ்சையும் காப்பாத்தினே, என் மானத்தையும் காப்பாத்தினே. உன்ன மாதிரி ஆளு கிடைக்காது, ராஜாமணி."

"எல்லாம் உங்க தயவு சார்."

"அதான் யோசிச்சேன். காவலுக்கு யாரு வேணா நிப்பான். உன்ன அங்க உக்கார வச்சுட்டா, தண்ணியில யாரு நிப்பான்?" காகிதத்தை அவர் பக்கம் திருப்பினார். கையெழுத்து இருந்தது. 'குஞ்சு விடும் பணிக்கு இன்றியமையாதவர். தற்காலிகமாகத் தொடர அனுமதிக்கலாம்.'

ராஜாமணி அதை இரண்டு தரம் படித்தார்.

"திங்கக்கிழமை வல்லத்துல அறுபது பை" என்றார் சுப்பராயன். "விடிகாலை நாலு மணிக்கு வந்துடு."

"சரிங்க சார்" என்றார் ராஜாமணி.