பிடுங்கி நட்ட கேரட்

டென்மார்க்கில் கேரட்டை மண்ணிலிருந்து பிடுங்கி, கால்சட்டையில் இரண்டு தேய்ப்புத் தேய்த்து, நின்ற இடத்திலேயே கடிக்கிறார்கள். முதல்முறை பார்த்தபோது எனக்குக் கூசியது. நம் வீடுகளில் கழுவி, சீவி, பொடியாக நறுக்கி, தேங்காய்த் துருவல் போட்டு இறக்கினால்தான் அது கேரட். இருந்தாலும் அந்தக் கடியின் மேல் ஆசை வந்து, ஊரோரத்தில் வாடகைக்குக் கிடைக்கும் ‘கொலோனிஹேவ’ என்னும் தோட்டத்துண்டு ஒன்றைப் பிடித்து விதைத்தேன். நெருக்கமாக முளைத்ததும், ஸ்ரீரங்கத்தில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். “புடுங்கித் தள்ளித் தள்ளி நடு. மண்ணச்சநல்லூர்க்காரி பொண்ணுக்கு நாத்து நடச் சொல்லித் தரணுமா?” என்றாள். நட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்துத் துண்டுக்காரர் யென்ஸ் வேலிக்கு அப்பாலிருந்து கைகளை ஆட்டி, “நை, நை!” (வேண்டாம், வேண்டாம்) என்று கத்தினார். அவர் எல்லைக்குள் நட்டுவிட்டேன் போலும் என்று மன்னிப்புக் கேட்டு, எல்லாவற்றையும் மறுபடி பிடுங்கி ஒரு முழம் உள்ளே தள்ளி நட்டேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு போய்விட்டார்.

இலையுதிர்காலத்தில் பிடுங்கினால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கால், மூன்று கால். யென்ஸ் சிரித்துக்கொண்டே விளக்கினார். கேரட்டின் முதல் வேர்தான் கிழங்காகிறது. பெயர்த்து நட்டால் அதன் நுனி அறுந்து கிளைத்துவிடும். கல்லில்லாத மணற்பாங்கான மண்ணில், வளரவேண்டிய இடத்திலேயே விதைத்து, அதிகமானதைக் களைந்துவிட வேண்டும். குளிர் பட்டால் இனிப்பு ஏறும். அம்மாவிடம் சொன்னேன். “முளைச்சதைத் தூக்கிப் போடறதா? மனசு வருமா?” என்றாள். ஆனாலும் விதை கேட்டாள். ஊருக்குப் போன தோழியிடம் கொடுத்தனுப்பினேன்.

அப்பா போன பிறகு அம்மாவை என்னோடு அழைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் ஒரே கவலையாக இருந்தது. தை மாதம் திருச்சியில் வந்து இறங்கும்போதே காரணங்களை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன்: மாடிப்படி, ரத்த அழுத்தம், பேச்சுத்துணைக்கு ஆளில்லாத வீடு. நான் வாயைத் திறக்குமுன் அம்மா மொட்டைமாடிக்கு இழுத்துப்போனாள். பாதிக்குப் பாதி மணல் கலந்த தொட்டிகளில் கேரட் இலைகள் தளதளவென்று நின்றன. கீழ்வீட்டு ராஜி மாமி கிண்ணத்தோடு பின்னாலேயே ஏறி வந்தார்.

“அம்மாவை அழைச்சுண்டு போக வந்திருக்கியா? அப்போ இதுக்கெல்லாம் யாரு தண்ணி விடறது?”

“உங்க ஆத்துல சீமைக்காய்னு கேரட் சேக்க மாட்டீங்களே மாமி?” என்றேன்.

“பெருமாளுக்குத்தான் ஆகாது. நேக்கு ஆகும்!”

மாமி கிண்ணத்தை நிரப்பிக்கொண்டு இறங்கியதும் அம்மா சொன்னாள்: “நான் வரலடி நித்யா. கோவிச்சுக்காத. வெயில் காலத்துல வந்து உன் தோட்டத்தைப் பாத்துட்டுப் போறேன். இங்க சாயங்காலமானா மாடில அரட்டைக் கச்சேரிதான், மாமியைப் பாத்தல்ல?”

வரிசைப்படுத்தி வைத்திருந்த காரணங்களை அப்படியே விட்டுவிட்டேன். அன்று மதியம், பல மாதங்களுக்குப் பிறகு, படுத்ததும் தூங்கிப்போனேன்.

சாயங்காலம் மாடிமூலையில் தனியாக ஒரு தொட்டி இருப்பதைக் கவனித்தேன். களைந்த நாற்றுகளைத் தூக்கிப்போட மனம் வராமல் அம்மா அதில் நட்டிருந்தாள். ஒன்றைப் பிடுங்கினேன். இரண்டு கால். கை தானாகவே அதைச் சுடிதாரில் தேய்த்தது.

“கழுவாமத் தின்னாதடி!” என்றாள் அம்மா.

அதற்குள் கடித்திருந்தேன். மார்கழிப் பனி வேலை செய்திருந்தது, நல்ல இனிப்பு. மற்றக் காலை ஒடித்து அம்மாவிடம் நீட்டினேன். அவள் அதைக் குழாயடியில் கழுவிவிட்டுத் தின்றாள்.