சட்டைப்பையில் வந்த கல்

"ஜாஸ்பர் கல்லுங்க. இரும்பு கலந்ததாலதான் இந்தச் செவப்பு. போட்டுக்கினா ஒடம்புக்குக் குளிர்ச்சி" என்று என் கையில் ஒன்றை வைத்தாள் வடலூர் ராசிக்கல் கடைக்காரப் பெண்.

என் எட்டு வயதில் அப்பா இதே போன்ற கல்லை நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து சட்டைப்பையில் கொண்டுவந்தார். ஈரல் நிறம், குறுக்கே மஞ்சள் கோடு. கரி தீப்பிடிக்காமலிருக்க, சுரங்க கேட்டிலும் உள்ளேயும் ஆட்களைச் சோதித்துத் தீப்பெட்டியைப் பிடுங்கி வைப்பதுதான் அவர் வேலை.

குவார்ட்டர்ஸ் சமையலறையில் அந்தக் கல்லை அரிவாள்மனையில் அழுத்தி உரசினேன். பொறி பறந்தது. தீய்ந்த வாசனை. அப்பா ஓடிவந்து கல்லைப் பிடுங்கினார்.

"இத வெச்சிக்கினுதான் நாள் பூரா கரி மேல நடந்தேனா?"

கல்லைத் தண்ணீர் வாளியில் போட்டார். சாப்பிடக்கூட எழாமல் வாளியையே பார்த்திருந்தார்.

கடைக்காரப் பெண் கல்லைத் திரும்ப வாங்க எவர்சில்வர் தட்டை நீட்டினாள். கல்லை அதில் வைக்கக் கை வரவில்லை. அவள் உள்ளங்கையில் மெதுவாக வைத்தேன்.