தாசில்தார் சுரம்

போன வாரம் கும்பகோணத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மேடையில் கீபோர்டு வாசித்த பையன் ஒரு விரலால் ஒரே ஒரு கட்டையை அழுத்தினான். மூன்று சுரம் சேர்ந்து கும்மென்று எழுந்தது. என் வாய் சும்மா இருக்குமா? கிட்டப் போய், "தம்பி, மத்த விரலையெல்லாம் வாடகைக்கு விட்டுட்டீங்களா?" என்றேன். "ஆட்டோ கார்டு சார், மெஷினே போட்டுக்கும்" என்று என்னைப் பரிதாபத்தோடு பார்த்தான். பக்கத்தில் வெற்றிலைத் தட்டு. அந்த ஈர வாசனை என்னை நேராகப் பழைய மாடி அறைக்குக் கொண்டுபோய் விட்டது.

கீழே வெற்றிலை மண்டி, மேலே எங்கள் மெல்லிசைக் குழு. பாட்டுக்கெல்லாம் நனைந்த கோணி வாசனைதான். நான் எட்டாவதில் இரண்டு தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டு, வாத்தியாருக்கு ஓய்வு கொடுத்தவன். காலால் மிதிக்கிற ஆர்மோனியம் என்னுடையது. நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுகிற சீமை அல்லவா, எங்கள் ஆர்மோனியக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இடது கை 'ச'வையும் 'ப'வையும் பிடித்தால் பாட்டு முடியும்வரை விடாது. வலது கை மட்டும் மெட்டில் ஓடும். மூன்று சுரத்தைச் சேர்த்துக் கார்டு பிடிப்பது கிடார் வாசித்த அன்வர் பாடு.

அன்வருக்குத் துபாய் விசா வந்தது. குழுவை நடத்தியவரும் பாடியவருமான சரோஜா அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கெழம குத்தாலத்துல கச்சேரி. நீ கார்டு பிடிப்பியா, இல்ல தஞ்சாவூர்லேர்ந்து ஆள் வரச் சொல்லவா? ஆள் வந்தா ரெண்டு ஆர்மோனியப் பெட்டிக்கு மேடையில எடமில்ல, பாத்துக்க."

அன்வர் என் பக்கத்தில் உட்கார்ந்தான். "ச-லேர்ந்து கறுப்பு வெள்ளை எல்லாத்தையும் எண்ணு. நாலு கட்டை தள்ளி ஒண்ணு, அதுலேர்ந்து மூணு தள்ளி ஒண்ணு. மேஜர். மொதல்ல மூணு, அப்புறம் நாலுன்னா மைனர்."

"ரெண்டுலயும் ஓரத்து ச, ப நகரவே இல்லியேடா?"

"நகராது. நடுவுல உள்ள காந்தாரம் ஒரே கட்டை தள்ளி உக்காருது. அதுக்கே பாட்டோட மொகம் மாறிடுது பாரு."

அழுத்திக் காட்டினான். பெரிய காந்தாரம் வைத்தபோது விடிந்த மாதிரி இருந்தது. சின்னதற்கு மாறியதும் யாரோ செத்த வீட்டு வாசல்.

அது அறுப்புத் தகராறு நடந்த வருஷம். கூலி நெல்லைக் கூட்டாமல் வயலில் இறங்க மாட்டோம் என்று ஆட்கள் நின்றுவிட, ஊர் ஊராகத் தாசில்தார் ஜீப் பேச்சுவார்த்தைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"புரிஞ்சுபோச்சுடா" என்றேன். "ச மிராசுதாரு, ப விவசாயச் சங்கம். ரெண்டு பேரும் அசைய மாட்டாங்க. நடுவுல தாசில்தாரு. அவரு மிராசுதார் பக்கம் ஒரு கட்டை நகந்தா ஊரு அழுவுது, சங்கத்துப் பக்கம் நகந்தா சிரிக்குது."

அன்வர் கிடார் மேலேயே விழுந்து சிரித்தான். "இத குத்தாலத்துல மைக்ல சொல்லிடாதடா. ரெண்டு பக்கமும் சேந்து அடிப்பான்."

"அடிச்சா ஊரு ஒத்துமையாயிடும்ல?"

பிறகு ம-விலிருந்து எண்ணினால் ம த ச, ப-விலிருந்து எண்ணினால் ப நி ரி என்று காட்டினான். வீடு மாறும், இடைவெளி மாறாது. வெள்ளிக்கிழமை அன்வர் போய்விட்டான்.

குத்தாலத்தில் அப்போதுதான் கூலி பேசி முடிந்திருந்தது. கச்சேரிக்கு வந்த கூட்டம் இரண்டாகப் பிரிந்து உட்கார்ந்து ஒன்றையொன்று முறைத்தது. எனக்கு விரல் வியர்த்தது. எண்ணியதெல்லாம் மறந்தது. ஒரு தந்திரம் செய்தேன்: நடுச்சுரத்தை விட்டுவிட்டு 'ச'வையும் 'ப'வையும் மட்டும் பிடித்தேன். நடுவில் யாரும் இல்லாவிட்டால் தப்பும் இல்லையே! நாலு பாட்டு அப்படியே ஓடியது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஐந்தாவது ஒரு தாலாட்டு. நடவுக்குப் போனவள், வரப்போர மரத்துத் தூளியில் கிடக்கும் பிள்ளைக்குப் பாடுவது. இரண்டு அடி பாடிவிட்டு அக்கா மைக்கிலிருந்து வாயை எடுத்தார். என் பக்கம் குனிந்தார்.

"டேய், நான் அழுவுறதா, சிரிக்கிறதா? ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குறியே."

"தப்பாயிடும்க்கா."

"தப்பாவாச்சும் சொல்லு."

மூன்று எண்ணி, சின்ன காந்தாரத்தை அழுத்தினேன். அடுத்த அடி அக்காவின் குரலில் கரைந்து இறங்கியது. கூட்டத்தில் இருமல் நின்றது. கொஞ்ச நேரத்தில் விரல் வழுக்கிப் பெரிய காந்தாரத்தில் விழுந்தது. போச்சு என்று கண்ணை மூடினேன். அக்காவோ, தூளியில் பிள்ளை முழித்துச் சிரித்துவிட்ட மாதிரி அந்த அடியைத் திருப்பிப் பாடினார். பெட்டி கட்டும்போது, "தஞ்சாவூருக்கு ஆள் அனுப்ப வேணாம்" என்றார். அவ்வளவுதான் என் பட்டமளிப்பு விழா.

மண்டி இப்போது செல்போன் கடை. கல்யாணத்துக்குக் கேசட் போதும் என்று ஆனபோதே குழு கலைந்தது. அக்காவும் இல்லை.

துபாய் போன மூன்றாம் வருஷம் அன்வர் லீவில் வந்திருந்தான். பஸ் ஸ்டாண்டிலேயே குத்தாலத்துக் கதை முழுக்கச் சொன்னேன். சிரித்துச் சிரித்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அங்க வாசிக்கிறியாடா?"

"ஒரே ரூம்ல எட்டுப் பேருடா. எங்கேர்ந்து?"

அவன் இடது கை விரல் நுனிகளைத் தடவிப் பார்த்தேன். கம்பி அழுத்தி அழுத்திக் காய்த்துக் கிடந்த இடமெல்லாம் பிள்ளை விரல் மாதிரி மெத்தென்று இருந்தது.