கடைமடை நாட்டைக் கட்டிய எஸ்தர்

செய்தி வந்தபோது சின்னமனூரில் ஒரு மனையில், அளவு நாடாவின் ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுமுனை கொத்தனாரிடம் இருந்தது. போனில் முருகேசண்ணன். "தம்பி, எஸ்தர் தவறிருச்சுப்பா. விடியக்காலையிலயாம்" என்றார். கொத்தனார் அங்கிருந்து "எவ்வளவு சார்?" என்று கத்தினார். நாடாவைப் பார்த்து இருபத்தேழே கால் அடி என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் நாடாவைக் கீழே விட்டேன்.

கட்டட வரைபடம் போடுவது என் தொழில். எண்ணைப் பார்த்தால் வாய் தானாகச் சரியாகச் சொல்லிவிடும். தெரிந்தே ஒரு எண்ணைத் தப்பாகப் படித்தது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். அதை எஸ்தரின் மேசையில், எஸ்தரிடமே செய்தேன். என்னோடு அந்த மேசையில் விளையாடிய முருகேசண்ணனுக்கும் செல்விக்கும் அது இன்றுவரை தெரியாது. அவரைத் தெரிந்த எல்லோரும் படிக்கப்போகும் இந்த அஞ்சலியில் அதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

தேனி கடைவீதியில் நோட்டு, பேனா, வரைபடத் தாள் வாங்கிய யாருக்கும் எஸ்தரைத் தெரிந்திருக்கும். கணவர் டேனியலும் அவரும் நடத்திய ஸ்டேஷனரி கடை. பலருக்குத் தெரியாதது, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையும் சாப்பாடும் முடிந்து மூன்று மணி ஆனதும், பூட்டிய அந்தக் கடையின் மாடியில் அவர் ஒரு நாட்டை நடத்திவந்தார் என்பது. கல்லூரி விடுதியில் கற்றுக்கொண்டு வந்த விளையாட்டு அது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ திருடியாகவோ மாறி, அந்த ஆளாகவே பேசி, முடிவெடுத்து, சண்டை போட்டுக் கதைக்குள் போவார்கள். முடியுமா முடியாதா என்ற இடம் வந்தால் இருபது முகமுள்ள பகடை தீர்ப்புச் சொல்லும். பகடையை எவர்சில்வர் தட்டில்தான் போட வேண்டும் என்பது எஸ்தரின் சட்டம். "சத்தம் எல்லாருக்கும் கேக்கணும், எண் எல்லாருக்கும் தெரியணும். இந்த மேசையில மறைச்சுப் போடுற பழக்கம் கிடையாது" என்பார்.

என்னை அவர் பிடித்தது டிரேசிங் பேப்பர் வாங்கப் போன இடத்தில். "அண்ணே, இல்லாத ஊருக்கு மேப் போடுவீகளா?" என்று கேட்டார். "நாங்க பாதி நாள் இல்லாத வீட்டுக்குத்தானம்மா பிளான் போடுறோம்" என்றேன். சிரித்துவிட்டு ஒரு நோட்டைத் திறந்து காட்டினார். மூன்று பக்கமும் மலை, நடுவில் ஓர் ஆறு, தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் மண்ணில் ஏழெட்டு ஊர்கள். கடைமடை நாடு என்று பெயர் வைத்திருந்தார். அந்த நாட்டின் நாயகர்கள் அரண்மனையிலிருந்து வரக் கூடாது, தண்ணீர் வராத வயலிலிருந்துதான் கிளம்பி வர வேண்டும் என்று அப்போதே தீர்மானமாக இருந்தார்.

முதல் வரைபடத்திலேயே நான் பெரிய தப்புச் செய்தேன். மலையை ஒரு தாளிலும் ஆற்றை இன்னொரு தாளிலும் வரைந்து, ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் படியெடுத்தேன். தாள் விலகியிருந்தது. ஆறு மேற்கு மலையின் குறுக்கே நேராகப் போயிருந்தது. கம்பம் பக்கம் திராட்சை போடும் முருகேசண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, "ஏலே, ஒங்க ஊர்ல தண்ணி மலையேறுதா?" என்று சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது. மையைச் சுரண்டி எடுக்க பிளேடை எடுத்தேன். எஸ்தர் என் கையைத் தட்டிவிட்டார்.

"சொரண்டாதீகண்ணே. மேசைக்கு வந்தது வந்ததுதான். தண்ணி ஏறல, உள்ள போகுது. யாரோ மலையக் குடைஞ்சிருக்காக. யாரு, எதுக்குன்னு கண்டுபிடிப்போம்."

நிஜமாகவே மலையைக் குடைந்து கொண்டுவந்த அணைத் தண்ணீரில் வளர்ந்த பள்ளத்தாக்குக்காரர்கள் நாங்கள். உடனே நம்பிவிட்டோம். என் விலகிய தாளிலிருந்துதான் அந்த நாட்டின் ஆறு வருடக் கதையும் வந்தது.

எங்கள் ஆட்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முருகேசண்ணனின் கோடாலி வீரன் காளிங்கன், எத்தனை பெரிய படை வந்தாலும் விளைந்த வயலுக்குள் இறங்கிச் சண்டை போட மாட்டான். "வெள்ளாமைய மிதிச்சு ஜெயிச்சு என்னத்துக்கு?" என்பார் அண்ணன். அதனாலேயே இரண்டு முறை தோற்றிருக்கிறோம். வங்கியில் வேலை பார்க்கும் செல்வி, வாரமெல்லாம் பூட்டுகளைக் காத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பூட்டு உடைக்கும் திருடியாக இருந்தாள். என் ஆள் அளவன். வாளுக்குப் பதில் அளவுகோல் வைத்திருந்தான். வேறு எந்த மேசையிலும் அவனைச் சேர்த்திருக்க மாட்டார்கள்.

ஒருமுறை முருகேசண்ணன் தானே ஒரு பூதத்தைச் செய்து எடுத்து வந்தார். ஐந்து தலை, வாயில் நெருப்பு. எஸ்தர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மூன்று கேள்வி கேட்டார். "அது எங்கன தூங்கும்? என்ன திங்கும்? நேரமாச்சுன்னா அதை யாரு தேடுவாக?" அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "பூதத்தை யாருத்தா தேடப்போறா?" என்றார். "அப்ப அது பூதமில்லண்ணே, பொம்மை" என்று எஸ்தர் நோட்டை மூடிவிட்டார். மறு வாரம் அண்ணன் அதே பூதத்தைத் திருத்திக் கொண்டுவந்தார். இப்போது ஒரே தலை. பாழான திராட்சைப் பந்தலின் கீழே தூங்கியது, உதிர்ந்த பழத்தைத் தின்றது, கண் தெரியாத அதன் ஆத்தா தினமும் பொழுது சாயும்போது அதைக் கூப்பிட்டாள். நாங்கள் அதை வெட்டிய அன்று அண்ணன் டீ குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார்.

அந்த நாட்டின் பெரிய இருட்டு மதகுக்காரன். மலைக்குள் குடைந்த பாதையின் வாசலில் ஒரு கல்மதகு. அதை யாராவது தோளில் தாங்கி நிற்க வேண்டும். விட்டால் மதகு விழும், நாடு காயும். அவன் எத்தனையோ காலமாகத் தாங்கி நின்றவன். ஓய்ந்துபோகும்போதெல்லாம் ஊரிலிருந்து ஒரு ஆளைத் துணைக்கு இழுத்துக்கொள்வான். போனவர்கள் திரும்பியதில்லை. அவனைக் கொல்லத்தான் மூன்று வருடமாகத் தேடினோம். கடைசியில் அவன் யார், எதைத் தாங்குகிறான் என்று தெரிந்த நாளில் எனக்கு ஆத்திரமே வந்தது. "ஏம்மா, ஒரு வில்லனையாவது நிம்மதியா வெறுக்க விடக் கூடாதா?" என்று கேட்டேன். "நீங்க குடிச்ச தண்ணிண்ணே அது. இதுக்கு எது போச்சுன்னு கேக்காம குடிச்சீகல்ல?" என்றார் எஸ்தர். கொஞ்ச நேரம் கழித்து, "வெறும் இருட்டா எழுதுறது சோம்பேறித்தனம். அந்த இருட்டுக்குள்ள ஒருத்தராச்சும் நிமிந்து நிக்கணும். அதுக்குத்தான் ஒங்கள எல்லாம் கூப்பிட்டேன்" என்றார்.

நிமிர்ந்து நின்றது நாங்கள் அல்ல. ஓடக்காரி. பூதங்களாகவும் ராஜாக்களாகவும் பேசிய எஸ்தர், தனக்கென்று வைத்துக்கொண்ட ஒரே ஆள் அவள். எங்களை ஓடத்தில் ஏற்றிக்கொண்டு போவாள், வழியெல்லாம் திட்டுவாள், இறங்கும்போது "பத்திரம்" என்று மட்டும் சொல்வாள்.

எஸ்தருக்கு நோய் என்று தெரிந்த பிறகும் மேசை நிற்கவில்லை. மதுரைக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வந்த வாரம் மட்டும் விடுப்பு. தலையில் துணி கட்டிக்கொண்டு மாடிப்படியை இரண்டு தடவை நின்று ஏறி வருவார். கடைசியாக நாங்கள் உட்கார்ந்த ஞாயிறு அன்று அவருக்குக் கண் மங்கலாக இருந்தது, விரல்கள் மரத்திருந்தன. கதையில் மதகுக்காரன் விழுந்துவிட்டான். மதகு இறங்க ஆரம்பித்தது. ஓடக்காரி தோளைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு எங்களை வெளியே போகச் சொன்னாள். "துடுப்ப முட்டுக்கொடுத்துட்டு அவளும் வெளிய வரணும். பத்தும் அதுக்கு மேலயும் விழுந்தா வருவா. இல்லன்னா இல்ல" என்றார் எஸ்தர். "கை வர மாட்டேங்குதுண்ணே. எனக்காக நீங்க போடுங்க."

முருகேசண்ணன் டீ வாங்கக் கீழே போயிருந்தார். செல்வி எஸ்தரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். பகடை வெகுநேரம் சுற்றி நின்றது. மூன்று.

"என்ன விழுந்துச்சு?"

எஸ்தர் இரண்டாவது தடவை கேட்ட பிறகுதான் "பதிமூணு" என்றேன். சொல்லும்போதே பகடையைக் கையில் எடுத்துவிட்டேன்.

செல்வி கைதட்டினாள். எஸ்தர் பேனாவைத் தேடி எடுத்தார். பிறகு "சரி. வந்துட்டா" என்று சொல்லி, தடவித் தடவி நோட்டில் எதையோ எழுதி மூடினார். ஒரு விளையாட்டுதானே, நோயாளியின் மனம் நோக வேண்டாமே என்றுதான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். மனம் நோகக் கூடாது என்று நினைத்தது என் மனத்தைத்தான். அந்த மூன்றை வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இருபது நாளில் எஸ்தர் போய்விட்டார்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் டேனியல் என்னைக் கடைக்குக் கூப்பிட்டார். "ஒங்ககிட்ட குடுக்கச் சொல்லுச்சு. மேப்பு, நோட்டு எல்லாம்" என்று ஒரு பையை நீட்டினார். நின்றுகொண்டே கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். கோணல்மாணலான எழுத்தில் இப்படி இருந்தது:

"பதிமூன்று என்கிறார் அண்ணன். எண்ணைச் சொல்ல அவர் இவ்வளவு நேரம் எடுத்ததே இல்லை. பரவாயில்லை, அழிக்க வேண்டாம். ஓடக்காரி கரையேறிவிட்டாள். ஆனால் மதகுக்கு அடியில் இப்போது ஒரு துடுப்புதான் நிற்கிறது. அது எத்தனை நாள் தாங்கும்? இதற்கு எது போகும்? அண்ணனே சொல்லட்டும்."

கடை வாசலில் நின்று அழுதேன்.  டேனியல் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

முருகேசண்ணே, செல்வி, அன்று விழுந்தது மூன்று. உங்கள் இருவரையும் ஏமாற்றிவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். சரியான எண்ணுக்குக் கதையைத் திருப்பிவிடலாமா என்று இத்தனை நாளும் யோசித்தேன். ஆனால் சுரண்டுவதை எஸ்தர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. தப்பாக வந்த ஆற்றுக்கு அவர் ஒரு மலையையே குடைந்து கொடுத்தார். என் பொய்க்கும் ஏதாவது கொடுக்கத்தான் வேண்டும்.

வருகிற ஞாயிறு மூன்று மணிக்கு மாடியைத் திறந்து வைப்பதாக டேனியல் சொல்லியிருக்கிறார். நீங்கள் இருவரும் வர வேண்டும். அளவன் மலைக்குள் திரும்பிப் போகிறான். துடுப்பை உருவி எடுத்துக் கரைக்கு அனுப்பிவிட்டு, மதகைத் தன் தோளில் வாங்கிக்கொள்வான். காலம் போனால் அவனும் ஓய்ந்து, ஊரிலிருந்து ஆள் இழுப்பவனாக மாறக்கூடும். மாறினால் கோடாலியோடு வாருங்கள் அண்ணே, தயங்காதீர்கள்.

எஸ்தரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்த நாடு அல்ல. அது நம் மூவருக்கும் பொது. அவருடைய மூன்று கேள்விகளைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். மேசைக்கு வரும் எந்த இருட்டும் அவற்றுக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும் என்பதால், அளவனுக்காக நேற்று எழுதிவைத்தேன். அவன் மதகின் மேல் படியில் நின்றபடியே தூங்குவான். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தண்ணீரில் மிதந்து வருவதைச் சாப்பிடுவான். நேரமானால் அவனைத் தேடிக்கொண்டு, திட்டிக்கொண்டே, ஓடக்காரி வருவாள்.